பஞ்சாயத்துச் சீட்டு விவாகரத்து ஆகாது!

"புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான், பஞ்சாயத்தில் எழுதித் தீர்த்துவிட்டோம்" என்று தோட்டத்தில் சொல்வதுண்டு. தோழர்களே, அது தீர்வல்ல!

முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் அமலில் உள்ளது. பதிவுபெற்ற திருமணத்தை நீதிமன்றமே முறிக்க முடியும். துணைவர் சோரம் போனார், இனிச் சேர்ந்து வாழச் சகியாது என்று நிரூபித்து மனுச் செய்யலாம். உறவுகொண்ட மூன்றாம் நபரையும் வழக்கில் சேர்த்து நஷ்டஈடு கோரலாம். ஜீவனாம்சம் விதிக்கையில், குடும்பம் முறிந்ததற்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பதையும் நீதிமன்றம் கவனிக்கும்.

சீட்டை நம்பிய பெண்ணுக்கு இவற்றில் எது கிடைத்தது? சட்டப்படி அவள் இன்னும் அவன் மனைவியே. சீட்டை நம்பி வேறொருவரோடு வாழ்ந்தால், சோரப் பழி அவள்மீதே திரும்பும்! மனைவியே தவறியிருந்தாலும், பிள்ளையைப் பறித்துக் கொடுக்கப் பஞ்சாயத்துக்கு அதிகாரமில்லை. அங்கே பிள்ளையின் நலனே பெரிது.

தலைவர்மார்களே! சமாதானம் பேசுங்கள், வரவேற்கிறோம். ஆனால் தாலிக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். வருமானம் குறைந்த நம் சகோதரிகளுக்கு அரசாங்கச் சட்ட உதவி இலாகாவுக்கு வழி காட்டுங்கள். அதுவே நியாயம்!