‘சாப்பிடு’ என்று சொல்லச் சொல்ல ஏன் சாப்பிட மறுக்கிறார்கள்?

புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடலையொட்டி ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குப் போகும் மகள் மூன்று மாதமாக ராத்திரியில் சாப்பிடுவதில்லை. சங்கரா மீன் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தாலே, “வயிறு சரியில்ல” என்று அறைக்குள் போய்விடுகிறாள். “ஒரு வாய் சாப்பிடுடி கண்ணு” என்று அம்மா கெஞ்சுகிறார். “சாப்பிடலைன்னா போனைப் பிடுங்கிடுவேன்” என்று அப்பா அதட்டுகிறார். கண்ணு பட்டிருக்கும் என்று ஆயா மிளகாய் சுற்றிப் போடுகிறார். மகளோ, “நான் நல்லாத்தானே இருக்கேன்” என்கிறாள்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1873-ல், பாரீஸ் மருத்துவர் சார்ல் லாசேக் கிட்டத்தட்ட இதே காட்சியை எழுதிவைத்திருக்கிறார். குடும்பத்தின் கையில் இருப்பவை கெஞ்சலும் மிரட்டலும்தான், இரண்டுமே பலிப்பதில்லை என்பது அவர் கண்டது. அதே காலத்தில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்த நோய்க்கு ‘அனோரெக்ஸியா நெர்வோசா’ என்று பெயர் வைத்தார். அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, ரகசியமாக வாந்தி எடுப்பது ‘புலிமியா’. 1979-ல் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மருத்துவர் அதைத் தனி நோயாக விவரித்தார்.

‘இதெல்லாம் மேல்நாட்டு வியாதி’ என்று ஒதுக்க முடியாது. 1990-களிலேயே சென்னை மனநல மருத்துவர்கள் மாணவர்களிடம் ஆய்வு செய்து, உணவு பற்றிய இந்த மனத்தொல்லை நம் ஊரிலும் இருக்கிறது என்று எழுதினார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும்.

இரண்டு மனசு

பெற்றோருக்கு இது நோய். அந்தப் பெண்ணுக்கோ, பல நேரம் இது ஒரு சாதனை. பரீட்சை, கல்யாணப் பேச்சு, “என்ன இப்படி குண்டாயிட்ட?” என்ற உறவினர் கேலி என எதுவும் அவள் கையில் இல்லை. தட்டு மட்டும்தான் அவள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனாலும் தலைமுடி கொட்டுவதும், மாதவிலக்கு நின்றுபோவதும், தோழிகளோடு வெளியே போக முடியாததும் அவளை உறுத்துகின்றன. ‘மாறணும்’ என்று ஒரு மனசு, ‘மாறினால் என்ன ஆகுமோ’ என்று இன்னொரு மனசு.

‘மாறு’ என்று நாம் வாதாடினால், மறு பக்கத்துக்காக அவள் வாதாட வேண்டியிருக்கிறது. வாதாட வாதாட அந்தப் பக்கமே அவளுக்குள் உறுதியாகிறது.

குடிநோயில் கிடைத்த வழி

குடிக்கும் கணவரோடு சண்டை போட்டுக் களைத்தவர்களுக்கு இது புரியும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்திலிருந்து 1983-ல் ஒரு முறையை முன்வைத்தார். பெயர் ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’. 1991-ல் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து அதைப் புத்தகமாக்கினார். மாறுவதற்கான காரணத்தை ஆலோசகர் சொல்லக் கூடாது, அது நோயாளியின் வாயிலிருந்தே வர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பின்னர் உணவுக் கோளாறுகளுக்கும் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இதில் ஒரு கேள்வி உண்டு. “மாறுவது உனக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10-க்குள் மார்க் போடு.” அவள் 3 என்கிறாள். ‘ஏன் 8 இல்லை?’ என்று கேட்டால் மாறாமல் இருப்பதற்கான சாக்குகள் வரும். ‘ஏன் 0 இல்லை?’ என்று கேட்டால், “மயக்கம் வருது, படிக்க முடியல” என்று அவளே காரணம் சொல்கிறாள். சிகிச்சை அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. நோயை நண்பனாக நினைத்து ஒரு கடிதம், எதிரியாக நினைத்து ஒரு கடிதம் எழுதச் சொல்வதும் உண்டு.

காண்டாமிருகமா, டால்பினா?

லண்டன் மனநல மருத்துவர் ஜேனட் ட்ரஷர் குடும்பத்தாருக்கு விலங்குகளை உதாரணம் காட்டுகிறார். பிள்ளையைப் பைக்குள் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுப்பவர் கங்காரு. முட்டி மோதுபவர் காண்டாமிருகம். நாம் ஆக வேண்டியது டால்பின். அது பக்கத்திலேயே நீந்தும், தேவைப்படும்போது மெல்லத் தள்ளிக் கரைப்பக்கம் திருப்பும்.

“ஏன் சாப்பிடல?” என்பதற்குப் பதில், “சாப்பாட்டு நேரம் வந்தாலே உனக்குப் பயமா இருக்கு போல. என்ன தோணுது?” என்று கேட்கலாம். பதிலை இடைமறிக்காமல் கேட்க வேண்டும். எடை, உருவம் பற்றிய பேச்சு பாராட்டாகக்கூட வேண்டாம்.

பேச்சு மட்டும் போதாது

இந்த முறை சிகிச்சைக்குக் கதவைத் திறக்கும். அதுவே முழுச் சிகிச்சை ஆகாது. பட்டினியே மனசை இறுக்கிவிடும். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்கள் 6 மாதம் அரைப்பட்டினி இருந்த ஆய்வில், அவர்களும் சோர்ந்து, எரிச்சலடைந்து, சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் சாப்பாடும் மருந்துதான். சிறுவயதுப் பிள்ளைகளுக்கு, மருத்துவர் வழிகாட்ட, சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோரே ஏற்கும் குடும்பச் சிகிச்சைதான் முதலில் பரிந்துரைக்கப்படுகிறது.

மயங்கி விழுதல், நெஞ்சு படபடப்பு, அடிக்கடி வாந்தி, வேகமாக எடை குறைதல் ஆகியவை தெரிந்தால், அவள் மனசு மாறட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தியால் உடலில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட வைப்பதும் ஆபத்து. மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவு இருக்கிறது. எந்த ஊரிலிருந்தும் 14416 என்ற ‘டெலி மனஸ்’ எண்ணை இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். பிள்ளை வர மறுத்தால், முதலில் பெற்றோர் மட்டும் அழைத்து யோசனை கேட்கலாம்.