கழுத்தைத் திருப்பினால் காது சுகமாகுமா?

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தொழுகையில் ஸலாம் கொடுக்கத் திரும்ப முடியாதபடி ஒரு வருடமாகக் கழுத்து வலி. அதோடு இடது காதில் ஓயாத இரைச்சல். வெளிநாட்டில் இருக்கும் மதினி, 'கைரோபிரக்டிக்' சிகிச்சையில் தனக்குச் சுகம் கிடைத்தது என்கிறாராம். தானும் போகலாமா, அடிக்கடி காதில் சீழ் வடியும் நான்கு வயது மகனையும் கூட்டிப் போகலாமா என்பது அவரது கேள்வி. வைத்தியம் என் துறையல்ல. வாசித்தும் விசாரித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

மருந்தோ சத்திரசிகிச்சையோ இல்லாமல், முள்ளந்தண்டின் மூட்டுக்களைக் கையால் அழுத்தியும் சடுதியாகத் திருப்பியும் செய்யும் முறை இது. சலூனில் முடி வெட்டி முடிந்ததும் தலையைப் பிடித்து 'டக்' என்று திருப்புவார்களே, பார்வைக்கு அதன் படித்த நானா மாதிரி. அந்தச் சத்தம் எலும்பு இடத்துக்கு வந்த சத்தமல்ல. மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது.

இந்த முறை தொடங்கியதே ஒரு காதை வைத்துத்தான். 1895ம் ஆண்டு அமெரிக்காவின் டெவன்போர்ட் நகரில் காந்த வைத்தியம் செய்துவந்த டேனியல் டேவிட் பாமர் என்பவர், 17 வருடங்களாகக் காது மந்தமாயிருந்த ஹார்வி லில்லார்ட் என்ற தொழிலாளியின் முள்ளந்தண்டை அழுத்தியதும் கேள்வி திரும்பியது என்று கூறினார். கேட்க இனிமைதான். ஆனால் செவி நரம்பு உட்காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போகிறது. முதுகுக்கும் கழுத்துக்கும் அது இறங்குவதே இல்லை.

அப்படியானால் மதினி பொய் சொல்கிறாரா? இல்லை. காதின் வெளிப்புறத் தோலுக்கு வரும் நரம்புகளில் சில கழுத்திலிருந்தே புறப்படுகின்றன. அதனால் கழுத்துக் கோளாறு காது வலியாகத் தெரிவதுண்டு. கழுத்து இளகினால் அந்த வலியும் குறையலாம். கழுத்து வலிக்கு இச்சிகிச்சை சிலருக்கு உதவவும் செய்கிறது. 272 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2012ல் வெளியிட்ட ஆய்வில், அது மாத்திரைகளைவிட நல்ல பலன் தந்தது. ஆனால் வீட்டில் செய்த எளிய கழுத்துப் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது! பிசியோதெரபி பிரிவில் அந்தப் பயிற்சியைச் சொல்லித் தருவார்கள்.

பயிற்சியில் இல்லாத ஓர் ஆபத்து சடுதித் திருப்பலில் உண்டு. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் இரு குழாய்கள் கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியே ஏறுகின்றன. அபூர்வமாக அவற்றின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பாரிசவாதம் வந்திருக்கிறது. திருப்பியதால்தான் கிழிந்ததா, ஏற்கனவே கிழிந்திருந்ததன் வலியோடுதான் அவர் போனாரா என்பதில் வைத்தியர்களிடையே விவாதம் உண்டு. எதுவாயினும் வலி பிடித்த கழுத்தைப் பலமாகத் திருப்ப நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மகன் விடயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. கொண்டு போகாதீர்கள். சிறு பிள்ளைகளுக்குத் தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் குட்டையாகவும் சரிவு குறைந்தும் இருப்பதால்தான் அடிக்கடி காது வலி வருகிறது. பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே தணியும்; அந்த நாட்களில் யார் கை வைத்தாரோ அவருக்குப் பெயர் போய்விடும். சீழ் வடிவது வேறு விடயம். செவிப்பறையில் துவாரம் இருக்கலாம். விட்டுவைத்தால் கேள்வி குறைந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளை 'கவனமில்லாதவன்' என்று ஏச்சு வாங்குவான். அரசாங்க ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இலவசமாகவே பார்க்கலாம். அதுவரை காதில் எண்ணெய் விடவேண்டாம். குளிக்கும்போது வெசலின் தடவிய பஞ்சு வைத்துவிடுங்கள்.

சகோதரியே, ஒரு காதில் மட்டும் கேட்கும் இரைச்சலுக்குக் கேள்விப் பரிசோதனை அவசியம். மகனோடு அதே நாளில் நீங்களும் காட்டிக்கொள்ளுங்கள். திடீரென்று ஒரு காது அடைத்துக் கேள்வி போனால் தவணைக்குக் காத்திராமல் அன்றே போகவேண்டும். மருந்து பலிக்கும் காலம் சில நாட்கள்தான். ஏற்கனவே யாரேனும் கழுத்தைத் திருப்பிவிட்டிருந்து, பின்னர் தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிதல், நாக்குக் குழறல், ஒரு பக்க விறைப்பு ஏதும் கண்டால் தைலம் தடவிப் படுக்க வைக்காமல் உடனே வாகனம் பிடியுங்கள்.