விஷமூங்கிலைப் பிடுங்காதீர்கள், பெயர்ப்பலகை வையுங்கள்

பள்ளி வேலியோரத்தில், தாமான் முச்சந்தியில், கடற்கரைக்குப் போகும் வழியில் இந்தச் செடியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வாள்போல நீண்ட தடித்த பச்சை இலைகள். ஒவ்வோர் இலையும் ஏறத்தாழ 1 மீட்டர் நீளம். நடுவிலிருந்து ஒரு தடித்த தண்டு எழும்பி, அதன் உச்சியில் 20க்கும் மேற்பட்ட வெள்ளைப் பூக்கள் கொத்தாக விரியும். மெலிந்த இதழ்கள் சிலந்தியின் கால்களைப் போல் பின்னால் வளைந்திருக்கும். மலாயில் பாக்கோங். அறிவியல் பெயர் கிரைனம் ஏசியாட்டிக்கம். தமிழில் இதற்கு விஷமூங்கில் என்று பெயர். மூங்கிலுக்கும் இதற்கும் உறவே இல்லை. மண்ணுக்கு மேல் தண்டுபோல் உயர்ந்து நிற்கும் இதன் அடிப்பகுதியைப் பார்த்து அப்படிச் சொன்னார்களோ என்னவோ. ஆனால் 'விஷம்' என்ற முற்பாதி முழு உண்மை.

இந்த முற்பாதிதான் இப்போது செடிக்கு எமனாகிறது. "உங்கள் வீட்டில் இந்தச் செடி இருக்கிறதா? உடனே பிடுங்கி எறியுங்கள்" என்ற வகைச் செய்திகள் புலனத்தில் வருவதுண்டு. படத்தில் எந்தச் செடி இருக்கிறதோ அது அன்றைக்கு மாட்டிக்கொள்ளும். ஒரு நாள் அரளி, ஒரு நாள் விஷமூங்கில். பெற்றோர் கவலைப்படுவார்கள், மறுநாள் மண்வெட்டி வரும். அந்த மண்வெட்டியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பதே என் கட்சி.

முதலில், விஷம் என்றால் என்ன விஷம்? விஷமூங்கிலின் எல்லாப் பாகங்களிலும் ஆல்கலாய்டு எனப்படும் நைட்ரஜன் கலந்த சேர்மங்கள் உள்ளன. மண்ணுக்கடியில் இருக்கும், பெரிய வெங்காயம் போன்ற கிழங்கில் அவை மிகுதி. அவற்றுள் முக்கியமானது லைக்கோரின். 1877இல் டாஃபோடில் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். டாஃபோடிலும் விஷமூங்கிலும் ஒரே குடும்பம். லைக்கோரின் வயிற்றுக்குள் போனால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அணுக்களுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களின் வேலையையும் அது தடுக்கிறது. அளவு கூடினால் உடல் பலவீனமாகும், ஆபத்தும் கூடும். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். ஆனால் செடியின் பக்கத்தில் நிற்பதாலோ பூவை முகர்வதாலோ லைக்கோரின் வயிற்றுக்குள் போய்விடாது. கடித்துத் தின்றால்தான் கெடுதல்.

அப்படியானால் யார் தின்பார்கள்? இந்தக் கேள்வி கேட்கவேண்டியதுதான். பதில் இங்கிலாந்தில் இருக்கிறது. 2009இல் அங்கே சஃபோக் வட்டாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளி மாணவர்கள் சமையல் வகுப்பில் சூப் வைத்தார்கள். பள்ளித் தோட்டத்துக் காய்கறிகள்தாம். வெங்காயத்தோடு வெங்காயமாக ஒரு டாஃபோடில் கிழங்கும் பானைக்குள் போய்விட்டது. குடித்தவர்களில் பலருக்கு வயிற்றுவலியும் வாந்தியும். சிலர் மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்தது. நல்லவேளையாக எல்லாரும் தேறினார்கள். 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை பேரங்காடிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது: டாஃபோடில் பூக்களையும் கிழங்குகளையும் காய்கறிகளுக்கு அருகில் வைக்காதீர்கள். கவனியுங்கள், டாஃபோடில் வளர்ப்பதை நிறுத்துங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. இடத்தை மாற்றச் சொன்னார்கள். அந்தப் பள்ளியிலும் பிழை, செடி இருந்ததில் இல்லை. வெங்காயத்துக்குப் பக்கத்தில், எது எது என்று தெரியாமல் இருந்ததில்.

நம் பள்ளித் தோட்டங்களிலும் கூச்சாய், வெங்காயத்தாள், லெங்குவாஸ் எல்லாம் ஒரே பாத்தியில் வளர்கின்றன. அங்கே விஷமூங்கில் கூடவே கூடாது. இருந்தால் இந்த வாரமே இடம் மாற்றுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் நச்சுள்ள செடியோடு வாழ்வது நமக்குப் புதிதா என்ன? மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பச்சையாகக் கடித்தால் அதிலுள்ள லினமரின் என்ற பொருள் சிதைந்து சயனைடை வெளியிடும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காத மலாயாவில் பல குடும்பங்களின் வயிற்றை நிரப்பியது அதே கிழங்குதான். தோட்டப்புறத்தில் வாழ்ந்த உங்கள் கொள்ளுப்பாட்டிகளுக்கு லினமரின் என்ற சொல் தெரிந்திருக்காது. தோலை உரித்து, தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டத் தெரிந்திருந்தது. கோயில் வாசலில் அரளி பூத்துக் குலுங்குகிறது. அதுவும் கொடிய நஞ்சுதான். அதைச் சாமிக்குப் பறிக்கும் எவரும் வாயில் வைப்பதில்லை.

விஷமூங்கிலைப் பிடுங்கினால் எதை இழக்கிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். இது எங்கிருந்தோ தொட்டியில் வந்த அலங்காரச் செடி அல்ல. நம் கடற்கரை மணலுக்கே உரியது. உப்புக்காற்று, சுடும் வெயில், சத்தில்லாத மணல் மூன்றையும் தாங்கும். அப்படிப்பட்ட மண்ணில் மாதக்கணக்கில் சேமித்த மாவுச்சத்தை ஒரு பெரிய கிழங்கில் பூட்டி வைத்திருக்கும் செடிக்கு, ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. லைக்கோரின் அதன் பூட்டு. அந்தப் பூட்டையும் திறக்கிற கள்ளன் ஒருவன் இருக்கிறான். பிரித்திஸ் கிரைனி என்ற அந்துப்பூச்சியின் புழு இந்த இலைகளைக் குடைந்து, உள்ளிருந்தே தின்று வளர்கிறது. இலையில் வெளிறிய கறைகள் தெரிந்தால் பூச்சிமருந்தைத் தேடி ஓடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு பாருங்கள். உங்களுக்கு விஷமாக இருப்பது இன்னோர் உயிருக்குக் காலை உணவு!

பூக்கள் மாலையில் விரியும், இரவில்தான் மணக்கும். நீண்ட உறிஞ்சுகுழல் உடைய அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு அது. பூவின் குழல் மிக நீளம் என்பதால் தேன் எல்லாருக்கும் எட்டாது. காய் முற்றியதும் பாரம் தாங்காமல் தண்டு சாய்ந்து தரையைத் தொடும். உள்ளே இருக்கும் விதை ஒரு வியப்பு. அதற்கு விதையுறையே கிடையாது. அதற்குப் பதில் தக்கைபோன்ற வெளிப்படலம். அதனால் கடல்நீரில் மிதந்து இன்னொரு கரையில் ஒதுங்கி முளைக்கிறது. உப்புநீர் அதைக் கொல்வதில்லை. அறுத்துப் பார்த்தால் உட்பகுதி பச்சையாக இருக்கும். விதைக்குள்ளேயே பச்சையம்! பாடப்புத்தகத்தில் அவரை விதையின் படத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வேறு கதை.

அதே குடும்பத்தைப் பற்றி இன்னொன்று. ஐரோப்பாவின் ஸ்னோடிராப் என்ற சிறு செடியும் விஷமூங்கிலுக்குச் சொந்தம். அதிலிருந்து கிடைத்த கேலண்டமைன் என்ற ஆல்கலாய்டை 1950களில் பல்கேரிய ஆய்வாளர்கள் மருந்தாக வளர்த்தெடுத்தார்கள். இன்று அல்ஸைமர் நோயாளிகளின் நினைவாற்றல் குறைவுக்குத் தரப்படும் மருந்துகளில் அதுவும் ஒன்று. வேல்ஸ் மலைப்பகுதியில் இதற்காகவே டாஃபோடில் பயிரிடுகிறார்கள். அதற்காக விஷமூங்கில் கிழங்கை அவித்துத் தாத்தாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்! ஆய்வுக்கூடத்தில் பிரித்து, அளந்து, பல ஆண்டு சோதித்த மில்லிகிராம் வேறு, கிழங்குத் துண்டு வேறு. கிராமங்களில் இதன் இலையை வாட்டி வீக்கத்தின் மேல் ஒத்தடம் கொடுப்பார்கள். அது வெளியில் வைப்பது. குடிக்கச் சொல்லும் எந்தக் காணொளியையும் நம்பவேண்டாம்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கண்டதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் பாலர்பள்ளியில் இது வேண்டாம். எதையும் மெல்லும் நாய்க்குட்டி ஓடித்திரியும் வீட்டுக்கும், ஆடு மேயும் இடத்துக்கும் இது பொருந்தாது. அங்கே செம்பருத்தி நடுங்கள். ஆனால் 13 வயதைத் தாண்டியவர்கள் படிக்கும் இடைநிலைப்பள்ளியில், ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை உங்கள் கையில் நம்பிக் கொடுக்கும் அதே பள்ளியில், வேலியோரத்துச் செடிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்? அமிலப் புட்டியை யாரும் குப்பையில் போடச் சொல்வதில்லை. பெயர் எழுதி ஒட்டுகிறோம்.

பெயர்ப்பலகை என்றால் மண்டையோட்டுப் படம் மட்டும் போட்ட பலகை அல்ல. அது அரைகுறை வேலை. மலாய், தமிழ், அறிவியல் பெயர்கள், எந்தப் பகுதி நச்சு, தின்றால் என்ன ஆகும், கடற்கரையில் அதன் வாழ்க்கை என்ன, அத்தனையும் வேண்டும். எழுதுமுன் செடி எது என்று உறுதி செய்யுங்கள். தென்னமெரிக்கா, கரீபியன் பக்கத்திலிருந்து வந்த சிலந்தி லில்லியும் இதைப்போலவே இருக்கும், அதுவும் நச்சுதான். அதன் மகரந்தத் தாள்களை ஒரு மெல்லிய வெள்ளைக் கிண்ணம் இணைத்திருக்கும். விஷமூங்கிலில் அந்தக் கிண்ணம் இல்லை, தாள்கள் தனித்தனியே ஊதா நிறமாக நீட்டிக்கொண்டிருக்கும்.

யாராவது தின்றுவிட்டால் வாயைக் கொப்பளிக்க வையுங்கள், வலிந்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். செடியின் ஒரு துண்டையோ படத்தையோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மோசமானால் 999. நச்சு பற்றி மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை சொல்லவே பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. அதன் எண்ணைத் தேடிப் பலகையின் அடியில் எழுதுவதை யாராவது ஒரு மாணவர் பொறுப்பேற்கலாம்.

நடுவதற்கு வெயில் படும் மூலை போதும். காய்கறிப் பாத்தியிலிருந்து நன்றாகத் தள்ளி, நடைபாதையில் இலை சாயாத தூரத்தில் நடுங்கள். மணல் கலந்த மண், தண்ணீர் தேங்கக்கூடாது, கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். கையுறை போடுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள். காய் விழும் காலத்தில் இரண்டு விதைகளை எடுத்து, ஒன்றை உப்புநீர்க் கிண்ணத்தில் மிதக்கவிடுங்கள். மற்றதை அறிவியல் அறைச் சன்னலோரம், மண்ணும் தண்ணீரும் இல்லாத வெறும் தட்டில் வையுங்கள். அதுவும் முளைக்கும். எத்தனை நாளில் என்று எண்ணி நோட்டில் குறித்துவையுங்கள்.