கூட்டல் கணக்குக்கு அடங்காத எஞ்சின்

டூ ஸ்ட்ரோக் குவாட் பைக் வைத்திருப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எக்ஸ்பான்ஷன் பைப்பை மாற்றினால் இத்தனை குதிரைசக்தி கூடும், பெரிய கார்புரேட்டர் மாட்டினால் இன்னும் இத்தனை, சிலிண்டர் சுவரின் திறப்பான போர்ட்டைத் தேய்த்து உயர்த்தினால் மேலும் இத்தனை, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போனால் வண்டி பறக்கும் என்பதுதான் அது. உதிரிபாக விளம்பரங்களும் இதே கணக்கைத்தான் சொல்லித்தருகின்றன. இந்தக் கணக்கு தவறு. நல்ல எஞ்சின்களைப் பாழாக்கி, ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும் தவறு.

இந்த நம்பிக்கைக்கு அதிகம் பலியான வண்டி யமஹா பான்ஷி. 1987-இல் அமெரிக்காவில் அறிமுகமாகி, அங்கே 2006 மாடலோடு விற்பனை நின்றுபோனது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், தண்ணீரால் குளிரும் எஞ்சின், 26 மி.மீ. மிக்குனி கார்புரேட்டர் இரண்டு, ஆறு கியர். கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் இன்றும் அதன் சத்தம் ஓயவில்லை. அந்த எஞ்சின் யமஹாவின் ஆர்இசட்350 சாலை பைக்கிலிருந்து வந்தது. நம் ஊரில் ராஜ்தூத் 350 என்று ஓடியதும் அதே குடும்பத்தின் மூத்த பிள்ளைதான். ஆனால் ஆர்இசட்டில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் உயரத்தை ஓட்டத்தின்போதே ஏற்றி இறக்கிய பவர் வால்வு பான்ஷிக்குக் கிடைக்கவில்லை. அதில் போர்ட்டின் உயரம் ஒன்றே ஒன்றுதான். ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான்.

டூ ஸ்ட்ரோக்கின் உயிர் பைப்பில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்புக்குள் பாய்கிறது. விரியும் கூம்பை அது அடையும்போது உறிஞ்சும் அலை ஒன்று திரும்பி வந்து, எரிந்த வாயுவை வெளியே இழுத்துப் புதுக் கலவைக்கு இடம் தருகிறது. கடைசியில் குறுகும் கூம்பில் மோதித் திரும்பும் அலை, வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையை போர்ட் மூடுவதற்குள் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு இல்லாத எஞ்சினுக்கு அலைதான் கதவு.

அந்தக் கதவு சரியான நொடியில் மூடவேண்டும். போர்ட் 190 டிகிரி திறந்திருக்கும் எஞ்சினுக்கு 9,000 ஆர்பிஎம்மில் அந்த நேரம் சுமார் 3.5 மில்லி செகண்ட். அலை நொடிக்கு ஏறத்தாழ 518 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்புவதாகக் கொண்டால், பைப்பின் நீளம் சுமார் 91 செ.மீ. வரவேண்டும். இதே பைப்போடு எஞ்சின் 4,500 ஆர்பிஎம்மில் ஓடும்போது போர்ட் இரு மடங்கு நேரம் திறந்திருக்கிறது. அலையோ அதே 3.5 மில்லி செகண்டில் திரும்பிவிடுகிறது. பிஸ்டன் அடியில் இருக்கும் நேரம் பார்த்து வந்து, உள்ளே நுழையும் புதுக் கலவையை எதிர்த்து நிற்கிறது. உச்சியில் பலம் தந்த அதே பைப் அடியில் பலத்தைப் பறிக்கிறது. ஒரு பாகம் "இத்தனை குதிரைசக்தி தரும்" என்ற பேச்சே அர்த்தமற்றது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். எந்த ஆர்பிஎம்மில் தரும், எங்கே பறிக்கும் என்பதே கேள்வி.

எக்ஸ்பான்ஷன் பைப்பை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் வேலை செய்த வால்டர் காடன். 1961-இல் அவரது 125 சிசி எஞ்சின் 25 குதிரைசக்தி கொடுத்தது. அதாவது லிட்டருக்கு 200. கடையில் பெரிய பாகமாக வாங்கி மாட்டி அவர் அதைச் சாதிக்கவில்லை. உள்வரும் வால்வு, போர்ட், பைப் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செதுக்கினார். அந்த ஆண்டே அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாடுகளுக்குத் தப்பி சுஸுகியில் சேர, அந்த அறிவும் ஜப்பானுக்குப் போனது. மறுஆண்டு சுஸுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. அந்த வழியில் போனவர்கள் கொடுத்த விலையையும் பார்க்கவேண்டும். உச்ச பலம் ஏற ஏற, அது கிடைக்கும் ஆர்பிஎம் வரம்பு குறுகியது. 1967-இல் சுஸுகியின் 50 சிசி ரேஸ் பைக்குக்கு 14 கியர் தேவைப்பட்டது. பான்ஷிக்கு இருப்பது ஆறு.

எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்துவதிலும் இதே கதைதான். போர்ட் சீக்கிரம் திறந்து தாமதமாக மூடுவதால் பலம் மேல் ஆர்பிஎம்முக்கு நகர்கிறது. ஆனால் மேலே வரும் பிஸ்டன் கலவையை உண்மையில் அழுத்தத் தொடங்குவது போர்ட் மூடிய பிறகுதான். ஆகவே கம்ப்ரெஷன் குறைகிறது, கீழ் இழுவை போகிறது. அதைச் சரிக்கட்ட ஹெட்டை இழைத்தால் சாதாரண பெட்ரோல் தாங்காமல் எஞ்சின் நாக் அடிக்கிறது. ஒரு மாற்றம் இன்னொன்றைக் கேட்கிறது, அது மூன்றாவதைக் கேட்கிறது.

கார்புரேட்டரைப் பற்றிய மயக்கம் இன்னும் மோசமானது. பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டிலிருந்து பெட்ரோல் மேலேறிச் சிதறுவது, காற்று வேகமாக ஓடும்போது அங்கே உண்டாகும் குறைந்த அழுத்தத்தால்தான். குழல் தேவைக்கு மேல் அகன்றால் காற்று மந்தமாகிறது, பெட்ரோல் சரியாகச் சிதறாது. ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் வண்டி ஒரு கணம் திணறுகிறது. மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து ஏறும் பாதையில் அந்தக் கணம்தான் ஏற்றத்தைத் தீர்மானிக்கிறது.

எஞ்சினைக் கொல்வது வேறொன்று. ஏர் பாக்ஸ் மூடியைக் கழற்றி, திறந்த ஃபில்டர் போட்டு, புதுப் பைப்பும் மாட்டிவிட்டுத் தொழிற்சாலை தந்த 200 மெயின் ஜெட்டையே விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். காற்று கூடுகிறது, பெட்ரோல் அதே அளவு. கலவை மெலிகிறது, பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிறது. பெட்ரோலில் கலந்துவரும் எண்ணெய்தான் இந்த எஞ்சினின் ஒரே உயவு. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். இடமும் காலமும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. ஐடஹோவின் செயின்ட் ஆன்டனி மணல்மேடுகள் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கிளாமிஸ் அதைவிட மிகத் தாழ்வு. மேலே கோடையில் சரியாக வைத்த ஜெட்டோடு, கீழே குளிர்காலக் காலையில், அடர்ந்த காற்றில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் கலவை மெலிந்தே தீரும். பிஸ்டன் பிடித்த குவாட்டின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டிக்கொள்ளும். மணல்மேட்டின் விளிம்பில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

எஞ்சின் பலத்தை அளக்கும் டைனோவின் சீட்டைக் காட்டி வாதாடுபவர்கள் உண்டு. அந்தச் சீட்டில் அவர்கள் காட்டுவது உச்சியிலுள்ள ஒரு புள்ளி. ஓட்டுபவர் அந்தப் புள்ளியில் வாழ்வதில்லை. மணல் டிராக் பந்தயத்தில் 300 அடியை முழு ஆர்பிஎம்மில் கடப்பவருக்கு உச்சம்தான் எல்லாம். சில நொடி ஓட்டத்துக்காக அவர் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பூட்டவும் தயாராக இருக்கிறார். அவருக்குப் பொருந்துவது காட்டுப்பாதையில் நாள் முழுக்கச் சுற்றுபவருக்குப் பொருந்தாது. இவருக்கு வேண்டியது நடு ஆர்பிஎம்மில் அகலமான இழுவை.

சத்தமே வேகம் என்பதும் இதே நோயின் இன்னொரு முகம். ஆர்எக்ஸ்100 சைலன்சரின் உட்குழாயை உருவி எறிவதும் கூம்பைத் துளையிடுவதும் நம் ஊர்களில் பார்த்துப் பழகியவைதான். வால் குழாயின் விட்டம் பைப்புக்குள் நிற்கும் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. கூம்பின் வடிவம் அலையைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் கெடுத்தால் மிஞ்சுவது இரைச்சல்தான். கலிஃபோர்னியாவில் 1986 முதல் தயாரான ஆஃப்-ரோடு வண்டிகளுக்கு 96 டெசிபல் வரம்பு உண்டு. அதை மீறுபவர்கள் சுற்றியிருப்பவர்களின் பொறுமையைத் தீர்த்து, எல்லோருக்கும் பாதைகள் மூடப்படக் காரணமாகிறார்கள்.

அப்படியானால் எதையும் மாற்றக் கூடாதா? தாராளமாக மாற்றலாம். வரிசை முக்கியம். முதலில் எஞ்சின் ஆரோக்கியமா என்று பாருங்கள். கம்ப்ரெஷனை அளந்து பாருங்கள். எஞ்சினை அடைத்து 6 பிஎஸ்ஐ காற்றேற்றி ஆறு நிமிடம் நிற்கிறதா என்று சோதியுங்கள். கிராங்க் சீல் கசியும் எஞ்சினில் எந்த ஜெட் கணக்கும் நிற்காது. அடுத்து, எங்கே ஓட்டுகிறீர்கள், எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் இருக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் மாற்றினாலே பலருடைய குறை தீர்ந்துவிடும். அதன் பிறகும் போதாது என்றால் அந்த ஆர்பிஎம்முக்கு ஏற்ற பைப், அதற்கேற்ற ஃபில்டர், உடனே ஜெட். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். போர்ட் வேலை கடைசி, ஏனென்றால் வெட்டிய இரும்பு திரும்பாது.

கடையில் போய் "எத்தனை குதிரைசக்தி கூடும்?" என்று கேட்பதை இன்றோடு விடுங்கள். எந்த ஆர்பிஎம்மில் கூடும், எதில் குறையும், இதைப் போட்டால் வேறு எதையெல்லாம் மாற்றவேண்டும் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாதவரிடம் ஒரு ஜெட்டைக்கூட வாங்காதீர்கள்.