சினிமா வந்து சொல்லும்வரை

1994 அக்டோபரில் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் மொத்தமே நான்கு. டென்னிஸில் இரண்டு, துப்பாக்கி சுடுதலில் ஒன்று, கபடியில் ஒன்று. லியாண்டர் பயஸ், ஜஸ்பால் ராணா என்ற பெயர்கள் பேப்பர் வழியாக எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டன. நான்காவது தங்கத்தை வாங்கிய அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்தைச் சேர்ந்த கணேசன் என்றொருவர் இருந்தார் என்பது, கபடியை எங்கள் மண்ணின் ஆட்டம் என்று மார்தட்டிக்கொண்ட எங்களுக்குத் தெரியாது. 1995-க்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்ததும் தெரியாது. 2025 தீபாவளிக்கு மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ வந்து, அவருடைய வாழ்க்கையைத் தழுவிய வேடத்தில் துருவ் விக்ரம் நடித்து, பேட்டிகளில் கணேசனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இடையில் போனது 31 ஆண்டுகள்.

நாங்கள் என்று சொல்வது யாரை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேனி மாவட்டத்துச் சின்னமனூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், மேலே மேகமலையின் ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு, இரவங்கலாறு தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளிலும் கபடி பார்த்தே வளர்ந்தவர்கள். சிலர் ஆடியவர்கள். பலர் கயிற்றுக்கு வெளியே நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவர்கள். இப்போது நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இருப்பவர்கள். படம் பார்த்துவிட்டு வந்து எல்லோரும் கணேசன் ரசிகர்கள் ஆகிவிட்டோம். டீக்கடையில் அவரைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் கேட்டார்: “சரி, அந்த 94 டீம்ல வேற யார் யார் ஆடுனாங்க?” ஒருவராலும் ஒரு பெயர் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அங்கே பிறந்தது.

அப்போது டிவி கிடையாது, செய்தி வராது என்று சமாதானம் சொல்லலாம். அது உண்மையில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெண்டுல்கர் தன் முதல் ஒருநாள் சதத்தை அடித்தார். 110 ரன். அந்த எண்ணை இன்றைக்கும் எங்கள் ஆட்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஊருக்குள் இருந்த நாலைந்து டிவியும், மலையில் எஸ்டேட் கிளப்பில் இருந்த டிவியும், டிரான்சிஸ்டர்களும் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தன. அதற்கு அடுத்த மாதமே, வங்கதேசத்தையும் பாகிஸ்தானையும் பின்னுக்குத் தள்ளி இந்திய கபடி அணி தங்கம் வாங்கியது. எங்களில் யாரும் அதைத் தேடவில்லை. கிரிக்கெட் மீது பழி போட வரவில்லை. அதுவும் எங்களுக்குப் பிடித்த ஆட்டம்தான். எதைத் தேடிப் போனோம், எதைத் தேடவேயில்லை என்ற கணக்கை மட்டும் வைக்கிறோம்.

தேடாததற்குக் காரணம் இருக்கிறது. கபடிக்காரரை எங்கள் கண் ஒரு ராத்திரிக்கு மேல் பார்த்ததில்லை. தைப்பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் போட்டி நடக்கும். அறுவடை முடிந்த வயலையோ பள்ளிக்கூட மைதானத்தையோ மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துக் களமாக்குவோம். பதின்மூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், சுண்ணாம்புக் கோடு. போகஸ் லைட் கட்டி, மைக் செட் வைத்துவிட்டால் விடிய விடிய ஆட்டம். ஒருத்தன் ஏழு பேருக்கு நடுவே தனியாகப் பாடிப் போவான். அவன் கால் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டு கார்னர்காரன் குனிந்திருப்பான். கணுக்காலைப் பிடிக்கிறவன் ஒரு நொடி முந்தினால் கையில் காற்றுதான் வரும், ஒரு நொடி பிந்தினால் பாயிண்ட் போய்விடும். நல்ல ரைடர் தன் கண்ணை ஒரு பக்கம் காட்டி, இடுப்பை மறுபக்கம் திருப்பி, காலை மூன்றாவது பக்கம் நீட்டுவான். பிடிபட்ட பிறகும், நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஊர்ந்து வந்து விரல் நுனியால் தொடுவான். அந்த நேரத்தில் எழும் சத்தம் கம்பம் ரோட்டுக்குக் கேட்கும். இதையெல்லாம் இவ்வளவு ரசித்துச் சொல்ல எங்களுக்குத் தெரிகிறது. ஆடியவன் பெயர் கேட்டால் “அந்தப் பச்சை பனியன்” என்போம்.

பழைய போட்டி நோட்டீஸ்கள் சிலவற்றை எடுத்துப் பார்த்தோம். முதல் பரிசு எவ்வளவு, சுழற்கோப்பை யார் நினைவாக, உபயதாரர் யார், திடலைக் கொடுத்தவர், சாப்பாடு போட்டவர், ஒலிபெருக்கி வைத்தவர் என்று முழுப் பக்கம் பெயர்கள். படங்களும் உண்டு. ஒரு நோட்டீஸில்கூட ஆடுகிறவன் பெயர் இல்லை. பரிசளிப்பு விழாவிலும் மேடையில் நிற்கிறவர்களுக்குத்தான் துண்டு. எழுதும்போது கூச வைக்கிற விஷயம் இது. அந்த நோட்டீஸ்களை அச்சுக்குக் கொடுத்தது நாங்கள்தான்.

மலையிலிருந்து வந்த பையன்களுக்குச் செய்ததை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ்டேட் பையன்கள் மழையில் அட்டைக்கடியோடு ஆடிப் பழகியவர்கள். கொழுந்துக் கூடைச் சுமையில் தோள் ஏறியவர்கள். கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் பாடிப் பழகினால் கீழே இறங்கும்போது மூச்சு குறையவே குறையாது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அந்த மூச்சை நம்பி அவர்களைக் கூப்பிடுவோம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு இறங்கி மாலை பஸ்ஸில் வருவார்கள். இறுதி ஆட்டம் முடிய இரவு இரண்டு மணி, மூன்று மணி ஆகும். அந்த நேரத்தில் மலைக்கு பஸ் கிடையாது, தென்பழனி சோதனைச்சாவடியைத் தாண்டி யாரும் போகவும் முடியாது. கோப்பையை ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவோம். வேர்வை காயாத உடம்போடு அவர்கள் சின்னமனூர் பஸ் ஸ்டாண்ட் சிமெண்ட் பெஞ்சில் படுத்துக் கிடப்பார்கள். காலையில் முதல் வண்டி பிடித்துப் போய் அன்றைக்குக் கூலிக்கு நிற்க வேண்டும். வருடக்கணக்கில் இப்படி நடந்தது. வீட்டுத் திண்ணையில் படுக்கச் சொல்லவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

தோன்றவில்லை என்பதும் முழு உண்மையில்லை. யாரைத் திண்ணையில் படுக்க வைப்பது, யாரை வைக்கக்கூடாது என்று எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1989-ல் போடியிலும் சுற்று ஊர்களிலும் நடந்த சாதிக் கலவரத்துக்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு அணியாகிப் போனது. ஊர்த்தெருவுக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம். பனியன் நிறத்தைப் பார்த்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். எதிரெதிரே ஆடினால் சண்டை வருமென்று காலனி அணியைக் கூப்பிடாமலே நடத்திய போட்டிகள் உண்டு. பாதுகாப்புக்காக என்று சொன்னோம். கணேசன் வளர்ந்த தாமிரபரணி வட்டாரத்திலும் அதே நெருப்புதான் எரிந்தது. 1995 ஆகஸ்டில் கொடியங்குளம் தலித் மக்கள் மீது போலீஸ் நடத்திய தாக்குதலை நாடே பேசியது. படத்தில் அப்பாவாக வரும் பசுபதி, மகன் களத்துக்குப் போவதை நினைத்து நடுங்குகிறார். அதைப் பார்த்தபோது எங்களில் பலர் அழுதோம். அழுதவர்களில் சிலர் அந்தக் காலத்தில் டீம் எடுத்தவர்கள். காலனியில் நல்ல ரைடர் ஒருவன் இருந்தான், மாவட்ட அணிக்குச் சொல்லிவிட வேண்டிய பொறுப்பு நம் கையில் இருந்தது, வாயை மூடிக்கொண்டோம் என்று அவர்களே இப்போது சொல்கிறார்கள். அந்த ரைடரின் பெயர் எங்களுக்குத் தெரியும். அவர் அனுமதி தராமல் அதை இங்கே எழுத எங்களுக்கு உரிமையில்லை.

ஒரு ஆட்டக்காரன் எப்படி மேலே போகிறான் என்பதை நாங்கள் கற்றுக்கொள்ளவேயில்லை என்பதையும் படம்தான் உறைக்க வைத்தது. பள்ளிக்கூட பி.டி. வாத்தியார் ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும். பிறகு ஏதாவது ஒரு மில் அணியோ கம்பெனி அணியோ எடுக்க வேண்டும். அங்கிருந்து காவல்துறை, ரயில்வே, மின்வாரியம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால்தான் அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிய கவலை இல்லாமல் ஆட முடியும். கணேசனும் ஆலை அணியில் ஆடி, மின்வாரியத்துக்கு வந்தவர். எங்கள் மலையிலேயே மின்வாரியம் இருக்கிறது. மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு அணைகளின் தண்ணீர் சுருளியாறு மின் நிலையத்துக்குத்தான் இறங்குகிறது. அந்த அலுவலகங்களையும் குவார்ட்டர்ஸ்களையும் தாண்டித்தான் நாங்கள் தினமும் நடந்தோம். அந்த வாரியத்துக்கு ஒரு கபடி அணி உண்டு, அதற்குத் தேர்வு உண்டு, அங்கே அனுப்பி வைக்க எங்களிடம் ஆள் உண்டு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு தலைகூட இல்லாமல் போனது.

அடிபட்டவர்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், விரிவாகச் சொல்ல மனது வரவில்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்தவன் அடுத்த வருடம் வரவில்லை என்றால் “பயலுக்குக் கல்யாணம் ஆயிருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்தவனைத் தேடினோம். போட்டிக்கு வசூலான பணத்தில் மீந்தது பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் போனது. ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு ரூபாய் ஒதுக்கியதில்லை.

2014-ல் புரோ கபடி டிவிக்கு வந்தபோது எங்களுக்குப் புதிதாக உயிர் வந்தது. மண் போய் மேட் வந்தது. முப்பது நொடிக் கடிகாரம் வந்தது. சேரலாதனை அப்போதுதான் பார்த்தோம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், முதல் சீசனிலேயே 39 வயது. 2016-ல் ஆமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வென்று உலகக்கோப்பை வாங்கிய இந்திய அணியிலும் அவர் இருந்தார், 41 வயதில். என்ன உடம்பு, என்ன உடம்பு என்று வியந்தோம். அந்த உடம்பு இருபது வயதில், முப்பது வயதில் எங்கெங்கோ மண் களங்களில் ஆடிக்கொண்டிருந்தபோது நாங்கள் எங்கே இருந்தோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. கணேசனுக்கு முந்தைய ஆண்டு அர்ஜுனா வாங்கிய ராஜரத்தினத்தைப் பற்றியும் கேட்கவில்லை. டிவி காட்டியவரைக் கொண்டாடினோம். இப்போது சினிமா காட்டியவரைக் கொண்டாடுகிறோம். காட்டப்படாதவர்களை நாங்களாகப் போய்ப் பார்த்தது ஒரு முறைகூட இல்லை.

படம் வந்த அதே அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கம் வாங்கினார்கள். அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் கொடுத்தது. நியாயமான காரியம். நாங்களும் ஸ்டேட்டஸ் வைத்தோம். கார்த்திகாவின் படத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள் என்று யோசித்தோம். போட்டி நடத்திய இத்தனை வருடத்தில் பெண்கள் ஆட்டம் வைத்ததே இல்லை. மலையில் கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உடல் வலு அவர்களுக்குக் குறைவு என்று எங்களில் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டோம். ஆடுகிறீர்களா என்று அவர்களிடம் கேட்கவும் இல்லை, அவ்வளவுதான்.

கணேசனுக்கு ஒரு பாராட்டு விழா நடத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று தடுத்திருக்கிறோம். அவரைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்து, எங்கள் பெயர்களை மைக்கில் வாசித்து, மறுநாள் மறந்துவிடுவதற்கு எங்களுக்கு நன்றாகவே தெரியும். அதற்குப் பதில் எங்கள் பள்ளத்தாக்கிலும் மலையிலும் ஆடி நின்றுபோனவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கியிருக்கிறோம். நினைத்ததைவிடக் கடினமான வேலை. சிலர் திருப்பூரில் இருக்கிறார்கள், சிலர் கேரளத்து ஏலத்தோட்டங்களில். எஸ்டேட்டில் ஓய்வு பெற்று லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்களைத் தேடுவதற்கு வழியே தெரியவில்லை. ஒரு வீட்டுக்குப் போனபோது, முன்னாள் கார்னர்காரர் ஒருவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, “இப்ப என்னத்துக்கு வந்திருக்கீக?” என்று கேட்டார். நல்ல பதில் எங்களிடம் இல்லை.

வரும் தைப் போட்டிக்கு நோட்டீஸில் ஆடுகிறவர்கள் பெயரும் ஊரும் வரும். வசூலில் ஒரு பகுதி காயத்துக்கென்று முதலிலேயே பிரித்து வைக்கப்படும். மலைப் பையன்கள் தங்க இடம் பேசியாகிவிட்டது. பெண்கள் ஆட்டம் ஒன்று உண்டு. தெரு அணிகளைக் கலைத்து, ஊருக்கு ஒரே அணி எடுப்பது என்ற தீர்மானம் மட்டும் நிறைவேறவில்லை. எங்களிலேயே பெரியவர்கள் சிலர் இப்போது வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள். அவர்கள் எங்கள் அப்பாக்களும் சித்தப்பாக்களும். இதுவரை அவர்களை எதிர்த்துப் பேசியதில்லை. கூட்டம் மறுபடி கார்த்திகைக் கடைசியில் கூடுகிறது, காலனி அணியில் ஆடியவர்களையும் முதன்முறையாக அழைத்திருக்கிறோம்.