மதுரையில் முதலில் காணத்தக்கது

மதுரை மாநகரைக் காணும் ஆசையுடன் வெளியூர்களிலிருந்து வரும் அன்பர்க்கு வழிகாட்டும் பொறுப்பு நம் கல்லூரி மாணாக்கர்க்கு அடிக்கடி வாய்ப்பதாகும். அவ்வமயங்களில் நாம் காட்டுவன யாவை? மீனாட்சியம்மன் திருக்கோயில், திருமலை நாயக்கர் மஹால், வண்டியூர்த் தெப்பக்குளம், காந்தி நினைவு அருங்காட்சியகம் என்பனவே. இவை காணத்தக்கன என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், ரயிலடியிலிருந்து கல்லூரிக்கு வருங்கால் பாலத்தின்கீழ்க் கிடக்கும் வைகையை விருந்தினர்க்கு ஒருவரும் சுட்டிக் காட்டுவதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுகின்றோம். இது பெரும்பிழை என்று கூறவே இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரம் முதலிய மலையடி ஊர்களிலிருந்து கல்வி பயில வந்த எம்மனோர்க்கு இதனைப் பேச ஓர் உரிமை உண்டு. ஏலமலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை, கொட்டகுடியாறு முதலியவற்றின் வழியே இறங்கி வைகையையே சேர்கின்றது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போடிக்கு அகல ரயில்பாதை திறக்கப்பெற்றபின், அந்நீர் செல்லும் திசையிலேயே யாமும் ரயிலேறி மதுரைக்கு வந்து சேர்கின்றோம். மலையில் பாறைக்குப் பாறை தாவித் தெளிந்தோடும் நீரைக் கண்ட கண்களுக்கு, பாலத்தின்கீழ்க் காணும் காட்சி பொறுக்கத்தக்கதன்று.

நிற்க. இந்நகரின் பெருமைகளை ஒவ்வொன்றாக ஆராயின், அவை ஆற்றின் கொடையாகவே முடியும். பரிபாடல் வையையைப் பாடியது. 1645ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் வெட்டுவித்த தெப்பக்குளம் வைகைக் கால்வாய் நீரால் நிரம்புவது. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவது இவ்வாற்றில். பிட்டுக்கு மண் சுமந்த கதை பிறந்ததும் இதன் கரையில். கீழடியில் 2015ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தெடுக்கப்பெற்ற தொல்பொருள்களும் வைகைக்கரை வாழ்வின் சான்றுகளே.

செர்பியா நாட்டில் டான்யூப் நதிக்கரையில் நோவி சாத் என்னும் பட்டணம் உள்ளது. அதன் எதிர்க்கரையில் உள்ள பெத்ரோவரதீன் கோட்டையின் கடிகாரம் ஒரு விநோதம்: பெரிய முள் மணியையும், சிறிய முள் நிமிஷத்தையும் காட்டும். ஆற்றிற் செல்லும் படகோட்டிகள் தொலைவிலிருந்தே மணியறிதல் வேண்டும் என்பதே காரணமாம். அங்கே கோட்டையின் கடிகாரமும் ஆற்றை நோக்கி நிற்கின்றது. நாமோ ஆற்றைக் கொல்லைப்புறமாக்கி விட்டோம்.

"வறண்ட மணலில் காண்பதற்கு யாது உளது?" என்று சிலர் வினவுவர். வறட்சி வேறு, அசுத்தம் வேறு. 1959ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வைகை அணை நீரைத் தேக்கி வயல்களுக்கு அளிக்கின்றது. அதனால் ஆற்றில் மணல் தோன்றுமாயின் குறைகூறுவதற்கில்லை. சாக்கடையும் குப்பையும் நகரத்தாராகிய நாமே சேர்த்தவை. அழகர் இறங்குவதற்காக ஆண்டுதோறும் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படுகின்றது. அச்சில நாட்களுக்கு மட்டும் வைகை நமக்கு ஆறாகின்றது.

காணப்படுவதே காக்கப்படும் என்பது எம் துணிபு. 1636ஆம் ஆண்டளவில் எழுந்த நாயக்கர் மஹாலில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. அதுவும் சிதைந்து கிடந்த நாளில், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு அதனைப் பழுதுபார்ப்பித்தார். பார்த்தவர் ஒருவர் இருந்தமையால் நாமும் இன்று அதனைப் பார்க்கின்றோம். வைகைக்கு அத்தகைய கண்கள் இன்னும் கிட்டவில்லை.

ஆதலின் மாணாக்க நண்பர்களுக்கு யாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்றே. இனி விருந்தினர் வரின், கோயிலுக்கு அழைத்துச் செல்லுமுன் பாலத்தின்மீது சற்றே நிறுத்துங்கள். 'இதுவே வைகை, இதனால் மதுரை' என்று சொல்லுங்கள். அவர்கள் கீழே நோக்குங்கால் நமக்கு நாணம் உண்டாகும்; அந்த நாணம் நம்மைக் கரைக்கு இறக்குமாயின், அடுத்த ஆண்டு வருவோர்க்குக் காட்ட இதனினும் நல்லதோர் ஆறு நமக்கு இருக்கும்.