புலியா, ஆடா?

சென்ற கோடையில் திருநாவலூரில் ஒரு திண்ணையில் அமர்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடித் தோற்றோம். எதிரே இருந்தவர் நம் அத்தை, எழுபதைக் கடந்தவர். புலிகள் நம் வசம்தான் இருந்தன. தோற்ற எரிச்சலில் எழுதுகிறோம் என்று வாசகர் எண்ணினால் மறுப்பதற்கில்லை.

புலிகள் 3, ஆடுகள் 15. வெட்டும் உரிமை புலிக்கு மட்டுமே. ஆகவே சிறப்புக் காய் எது என்பதில் ஐயமில்லை. ஆட்டத்தின் வலிமையும் அதனுடையதே என்று கருதுவதில்தான் பிழை இருக்கிறது. ஓர் ஆட்டை வெட்ட வேண்டுமாயின், அதற்கு நேர் பின்னே ஒரு புள்ளி வெறுமையாக இருத்தல் வேண்டும். அங்கே இன்னோர் ஆடு அமர்ந்துவிட்டால் பாய்ச்சலுக்கு வழியில்லை. புலியின் பலம், எதிராளி விட்டுவைக்கும் வெற்றிடத்தின் அளவுதான். இரண்டு ஆடுகளை வெட்டி நாம் மகிழ்ந்திருந்தோம். அவ்விரண்டும் நம் புலிகளை ஒரு மூலைக்கு இழுக்க இடப்பட்டவை என்பது கடைசி ஆடு இறங்கிய பின்னரே விளங்கிற்று.

யானையைப் பற்றியும் இத்தகைய மயக்கம் உண்டு. பாரசீகர் ஆடிய பழைய சதுரங்கத்தில் யானை குறுக்காக இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். கேட்க மிடுக்காக இருக்கிறது. ஆனால் 64 கட்டங்களில், நின்ற இடத்தையும் சேர்த்து, 8 மட்டுமே அதற்கு எட்டும்.

திருநாவலூரில் யானையைப் பேசினால் இராசாதித்தனை நினையாதிருக்க இயலாது. முதலாம் பராந்தகனின் மகனான அவன், வடக்கிலிருந்து வரும் பகையைத் தடுக்கத் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையோடு தங்கியிருந்தான். அவன் பரிவாரத்தாரின் கொடைகளை இவ்வூர்க் கோயில் கல்வெட்டுகள் இன்றும் சொல்கின்றன. 949-இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையை எதிர்த்தபோது அவன் யானைமீது இருந்தான். அங்கேயே அம்பு பாய்ந்து இறந்தான் என்பது ஆனைமங்கலச் செப்பேடுகள் தரும் செய்தி. கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்கிறது ஆதகூர்க் கல்வெட்டு. யானையின் உயரம் தலைவனைத் தன் படைக்குக் காட்டும். பகைவனின் வில்லுக்கும் அதே உயரம்தான் காட்டும். அவன் வீழ்ந்தபின் சோழர் படை நிலைகொள்ளவில்லை, தொண்டைமண்டலம் கைநழுவிற்று. வீரத்தில் குறை காண்பது நமக்கு உடன்பாடன்று. ஒரு காயை நம்பி மற்றக் காய்களையெல்லாம் அதன் நிழலில் நிறுத்தியதே தோல்விக்கு வழி வகுத்தது என்று கருதுகிறோம். பின்வந்தோர் அவனை யானைமேல் துஞ்சிய தேவர் என்று பெருமையோடு குறித்தனர்.

அத்தை மீண்டும் கட்டம் கிழித்தார். இம்முறை ஆடுகளைக் கேட்டோம். “புலியை நீயே வச்சுக்கப்பா” என்று சொல்லிவிட்டார்.